என் கை வேகத்துக்கு நீ போட்ட நூறு

தம்பி,

நீ நன்றாக இருப்பாய். வியட்நாமுக்கு விசா வந்துவிட்டது என்று நேற்று போனில் சொன்னபோது உன் குரலிலேயே அது தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம், சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலுக்கே கார் அனுப்புகிறேன், நீயும் அப்பாவும் சென்னைக்கு வந்து வழியனுப்ப வேண்டும் என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "என்னம்மா, சத்தத்தையே காணோம்?" என்றாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. போனில் உன்னிடம் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. நான் பாதி சொல்வதற்குள் நீ முடிவுக்குப் போய் நின்றுகொண்டு, "புரிஞ்சிடுச்சும்மா, மேல சொல்லு" என்கிறாய். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாகவே இருக்கும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டப் போவதில்லை. நாளைக் காலை கம்பெனி வேனில் என்னோடு வரும் பெண்கள் படித்த பிறகுதான் இது கூரியருக்குப் போகும். அவர்களுக்குத் தெரிய வேண்டியதும் இதில் இருக்கிறது.

உனக்கு இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்தபோது நம் சொந்தத்தில் ஒருவருக்கும் அது என்ன படிப்பு என்று தெரியவில்லை. அரியலூர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற உன் அப்பா, "மெக்கானிக்கல்னா தெரியும், சிவில்னா தெரியும், இது என்னடா புதுசா இருக்கு?" என்று கேட்டார். நீ பொறுமையாகச் சொன்னாய். ஆள், மெஷின், சாமான், நேரம் இந்த நான்கும் வீணாகாமல் ஒரு வேலையை எப்படி அமைப்பது என்று படிக்கிற படிப்பு. ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க நிற்கிற வரிசையைக் குறைக்கலாம், துறைமுகத்தில் பெட்டி ஏற்றுவதைச் சீர்படுத்தலாம், குடோனில் எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று திட்டம் போடலாம், எந்தத் தொழிற்சாலையிலும் வேலை கிடைக்கும் என்றாய். "அப்பா, உங்க லாரி லோடுக்காகக் குவாரி வாசல்ல நாலு மணி நேரம் நிக்கிதுல்ல, அது நிக்காமப் பண்றதுதான் இந்தப் படிப்பு" என்று நீ சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்று முதல் லாரி ஸ்டாண்டில் யார் கேட்டாலும், "நம்மளக் காக்க வைக்காம இருக்கறதுக்கு எம்பையன் படிக்கிறான்" என்றுதான் சொன்னார்.

உன்னைவிட, என்னைவிட, அன்றைக்கு அதிகம் சந்தோஷப்பட்டது செல்வி அத்தை. வேனில் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன், அத்தை என்றாலும் செல்வி உன் அப்பாவுக்கு உடன்பிறந்தவள் இல்லை. பக்கத்துத் தெரு, வேனில் பக்கத்து சீட், கம்பெனியில் பக்கத்து மெஷின். பெரம்பலூர் தாண்டி நாங்கள் வேலை செய்கிற சட்டைக் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டதே அவள்தான். சட்டை கைமாறிக் கைமாறித் தைபடுகிற எங்கள் லைனில் காலர் வைக்கிற மெஷின் இரண்டு. ஒன்றில் அவள், இன்னொன்றில் நான். நான் ஓவர்டைமில் மாட்டிக்கொண்ட நாட்களில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டு வீட்டுப்பாடம் எழுத வைத்தவள். உனக்கு இடம் கிடைத்த வாரம் என்னை இழுத்துக்கொண்டு கல்லங்குறிச்சிக்குப் போனாள். பெருமாள் முன்னால் நின்று, "எம் மருமவன் நல்லாப் படிக்கணும், படிச்சுட்டு எங்க லைனுக்கு ஒரு வழி பண்ணணும்" என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் பலித்துவிட்டது. எங்கள் லைனுக்கு நீ ஒரு வழி பண்ணிவிட்டாய்.

கசப்பாகப் பேசுகிறேன் என்று உனக்குத் தோன்றும். கசப்புதான். ஆனால் உன் படிப்பின் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் வருட லீவில் நீ வந்தபோது நம் சமையலறையில் என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? ஒரு அட்டையில் அடுப்பு, அரிசி டின், தண்ணீர்க் குடம், அம்மி என்று எழுதி ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசி குத்தினாய். நான் காலையில் சமைக்கச் சமைக்க, நான் போகிற வழியெல்லாம் என் தையல் நூலால் அந்த ஊசிகளைச் சுற்றிக்கொண்டே வந்தாய். சமையல் முடிவதற்குள் ஒரு கண்டு நூல் தீர்ந்துபோனது. "பாத்தியாம்மா, இவ்ளோ தூரம் நீ வூட்டுக்குள்ளயே நடந்திருக்க" என்று நூலைப் பிரித்து வாசல் வரை நீட்டிக் காட்டினாய். பிறகு குடத்தை இந்தப் பக்கம் நகர்த்தினாய், டின்களை அடுப்புக்குப் பின்னால் ஏற்றினாய், ஆணி அடித்துக் கரண்டிகளைத் தொங்கவிட்டாய். மறுநாள் பாதி நூல்தான் செலவானது. மிச்சமான நேரத்தில் உட்கார்ந்து காபியைச் சூடாகக் குடித்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சூடாகக் குடித்த முதல் காபி அதுதான். இவன் படிப்பது சாமி படிப்பு என்று நினைத்தேன். அந்த மிச்சம் எனக்கே வந்தது, அதனால்தான் அது இனித்தது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

கடைசி வருடம் உனக்கு ஏதாவது ஒரு தொழிற்சாலையில் புராஜெக்ட் செய்ய வேண்டியிருந்தது. நீ குவாரியைக் கேட்டாய், கிடைக்கவில்லை. உன் சிநேகிதன் ஆஸ்பத்திரிக்குப் போனான். நான்தான் எங்கள் மேனேஜர் அறை வாசலில் மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் நின்று, "சார், எம்பையனுக்கு நம்ம கம்பெனியிலயே குடுங்க சார்" என்று கெஞ்சி வாங்கினேன். இது நான் செய்த முதல் தப்பு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எனக்கு என் குஞ்சை என் லைனில் எல்லோரும் பார்க்க வேண்டும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கடிகாரத்தோடு அவன் நடந்து வர வேண்டும். வேனில் ஒரு வாரம் இதே பேச்சு. மற்றவர்கள் சிரித்துக்கொண்டார்கள். செல்வி மட்டும், "வரட்டும் வரட்டும். ஆனா வாட்ச்சு வாட்ச்சுதான் புள்ள, அத யாரு புடிச்சாலும்" என்றாள்.

அவள் சொன்னதன் அர்த்தம் உனக்குத் தெரியாது. உன் புத்தகத்தில் இருக்கிறதோ என்னவோ, எங்கள் லைனில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க, உன் படிப்பைப் படித்த ஐ.இ. ஆட்கள் கடிகாரத்தோடு வந்தால் எல்லோர் கையும் கொஞ்சம் இறங்கும். ஒரு தரம் பார்த்து வைக்கிற துணியை இரண்டு தரம் பார்த்து வைப்போம். அடிநூல் தீராத பாபினை ஒரு தடவை கழற்றி மாட்டுவோம். சோம்பலால் இல்லை. அவர்கள் எழுதிக்கொண்டு போகிற நேரம்தான் நாளை முதல் டார்கெட். கரண்டு போன நாளும், இடுப்பு வலிக்கிற நாளும், மாதத்தில் அந்த மூன்று நாளும் அதே டார்கெட்தான். அதனால் வாட்ச் முன்னால் வேகம் காட்டக் கூடாது. புதிதாக வருகிற பெண்ணுக்கு மெஷினில் நூல் கோர்க்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தருவோம். எனக்குச் சொல்லித் தந்தது செல்வி.

நீ என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்ற நாள். மேனேஜர் உனக்குப் பின்னால் நின்றார். "இவங்கதான் சார் எங்கம்மா" என்றாய். அவர், "அப்படியா, அப்ப அம்மாவோட வேலையவே ஸ்டாண்டர்டா எடுத்துக்கலாமே" என்றார். நீ கடிகாரத்தை அமுக்கினாய். எனக்கு என்ன ஆனது என்று இப்போதும் தெரியவில்லை. பெற்ற மனம் பித்து என்பார்கள், அதுதான் போலிருக்கிறது. என் மகன் பெரிய மனிதர் முன்னால் என்னை அம்மா என்று சொல்லிவிட்டான், அவனுக்கு நான் தலைகுனிவைத் தரக் கூடாது என்று மட்டும் தோன்றியது. கை பறந்தது. காலரை எடுத்தது, வைத்தது, காலரையும் கழுத்தையும் மூன்று புள்ளியில் சேர்த்தது, ஓட்டியது, வெட்டியது எதுவும் என் நினைவில் இல்லை. பக்கத்து மெஷினில் செல்வி இரண்டு தடவை இருமினாள். அது எங்கள் சைகை. கேட்டது. கேட்காதவள் மாதிரி இருந்தேன். மணிக்கு அறுபது காலர் வைத்துக்கொண்டிருந்த நான் அந்த ஒரு மணி நேரத்தில் எண்பது வைத்தேன். முடிந்ததும் நீ என் தோளைத் தட்டி, "சூப்பர்ம்மா" என்றாய். அன்று சாயங்காலம் சேலைக்கு மேல் போட்டிருந்த கம்பெனிச் சட்டைப் பொத்தானை என்னால் அவிழ்க்க முடியவில்லை, விரல் மடங்கவில்லை. அதை உன்னிடம் சொல்லவில்லை.

லைனில் காலர்தான் இடுக்கு. காலர் எத்தனை போகிறதோ அத்தனை சட்டைதான் வெளியே போகும் என்று உன் ரிப்போர்ட்டிலேயே எழுதியிருந்தாய். அந்த இடுக்கில் மெஷினுக்கு எண்பது ஆனதும் லைன் முழுவதற்கும் டார்கெட் அதே கணக்கில் ஏறியது. உன் புராஜெக்ட்டுக்குக் கல்லூரியில் முதல் பரிசு கொடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் சென்னைக் கம்பெனி உன்னை எடுத்தது, அங்கிருந்துதான் இப்போது வியட்நாம். எங்களுக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் மேலே ஒரு பலகை வந்தது. ஒவ்வொரு மணி நேரமும் சூப்பர்வைசர் வந்து எழுதுவார். எட்டினால் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. செல்வியின் பலகை முதல் நாளே சிவப்பு. அவளுக்குக் கையில் குறை இல்லை, என்னைவிடச் சுத்தமான தையல். ஆனால் அறுபத்தைந்துக்கு மேல் அவள் கை போகாது. எழுந்து போகிற நேரத்தை மிச்சம் பிடிக்கத் தண்ணீர் குடிப்பதை விட்டாள். காலையில் வேனில் ஒரு வாய், சாயங்காலம் வேனில் ஒரு வாய், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஒரு நாள் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

செல்வி தேறித் திரும்பி வந்த அன்று மேனேஜர் லைனுக்கே வந்தார். "பக்கத்து மெஷின்ல இவங்க போடறாங்கள்ல? அவங்களுக்கும் ரெண்டு கைதான, உங்களுக்கும் ரெண்டு கைதான?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். செல்வி என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சார், அது நான் என் பையனுக்காக ஓட்டின ஓட்டம், நிஜமான வேகம் இல்லை, நானே இப்போது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டுதான் ஓட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் ரிப்போர்ட் பொய்யாகிவிடும். உனக்கு வேலை கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் குனிந்து பாபினைக் கழற்றினேன். பாபின் தீரவில்லை. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருடம் அந்த மெஷினில் உட்கார்ந்தவள், தன் கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். இன்று வெங்காயக் கொட்டகையில் வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுக்கிற வேலைக்குப் போகிறாள்.

இதுவரை சொன்னதெல்லாம் என் தப்பு. இனிமேல் உன்னுடையது. போன மாதம் உன் பழைய நோட்டுகளை அடுக்கும்போது அந்த நாள் நீ எழுதின தாள் கிடைத்தது. மேலே என் பெயர், கீழே வரிசையாகக் கடிகார நேரங்கள், ஓரத்தில் ஒரு கட்டத்தில் நூறு என்று இருந்தது. எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கிற ஐ.இ. பெண்ணிடம் அதைக் காட்டி, இது என்னம்மா என்று கேட்டேன். நல்ல பெண், ஜெயங்கொண்டம் பக்கம். "அது ரேட்டிங்குக்கா. நாம அளக்கறப்ப அவங்க சாதாரண வேகத்துல செஞ்சா நூறு. அவசரமா செஞ்சாங்கன்னா நூத்தி இருபது, நூத்தி முப்பதுன்னு போடணும். அப்பதான் கணக்குல நேரம் கூடும், மத்தவங்களுக்குக் கஷ்டம் வராது. பயந்து வேகமா செய்யறவங்களும் இருப்பாங்கள்ல, அதுக்காகத்தான் இந்தக் கட்டமே" என்றாள். தாளை வாங்கி மடித்துக்கொண்டேன். நான் அவசரப்படுவேன் என்று உன் படிப்புக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. ஒரு தாய் பித்துப் பிடித்து ஓட்டினால் அடுத்த மெஷின்காரி சாகாமல் இருக்க ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் நீ நூறு என்று எழுதியிருக்கிறாய்.

தம்பி, நீ என் தையல் மெஷின் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன். நம் வீட்டு மிதி மெஷினில் நான் தெருக்காரர்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பேன். சத்தம் வேகமானால் பாயில் படுத்தபடியே, "அப்பா, அம்மா கோவமா இருக்குது" என்பாய். மெதுவானால், "அம்மாவுக்குத் தூக்கம் வருது" என்பாய். ஐந்து வயதில் காதால் என் வேகத்தைச் சொன்னவனுக்கு இருபத்தொரு வயதில் கண்ணுக்கு முன்னால் தெரியவில்லையா? தெரியாமல் எழுதினாய் என்றால் உனக்கு உன் தொழில் வரவில்லை. தெரிந்தே எழுதினாய் என்றால், எண்பது என்கிற எண் மேனேஜருக்கு இனிக்கும், பரிசு வாங்கித் தரும் என்று எழுதினாய் என்றால், அதற்கு நான் என்ன சொல்வது? ஒரு மாதமாக இந்த இரண்டில் எது என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். எதுவாக இருந்தாலும் எனக்குத் தூக்கம் இல்லை.

நேற்று உன் போனை வைத்தேன், இன்று காலை வெங்காயக் கொட்டகைக்குப் போனேன். செல்வி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு பிடி எடுத்து அறுத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அன்று நான் ஓட்டினது பொய் வேகம், அவள் வேலை போனது என்னால்தான் என்று சொன்னேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"இதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்த? எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியுமா?"

"உம் பக்கத்துல பதினோரு வருசம் உக்காந்தவ புள்ள நான். ஒம் மூச்சு வாங்குறதே எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவ இருமுனேன்ல. அப்புறம் வுட்டுட்டேன். மருமவன் மார்க்கு வாங்கட்டும்னு வுட்டுட்டேன்."

"அப்ப மேனேஜர் கேட்டப்ப நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் சொன்னா பொறாமைம்பாங்க. நீ சொல்லுவன்னுதான் ஒம் மூஞ்சியப் பாத்தேன். நீ பாபினக் கழட்டிக்கிட்டு இருந்த." மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, "கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம். போ, போயி வேலயப் பாரு. தம்பிகிட்ட எதையும் சொல்லிராத, ஊருக்குப் போற புள்ள" என்றாள். நான் எழுந்தபோது அடுத்த பிடி வெங்காயத்தை இழுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சொல்லாதே என்று அவள் சொன்னதைத்தான் நான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். உனக்காக ஒரு தடவை வாயை மூடிப் பார்த்தாயிற்று, போதும். நாளை வேனில் இதைப் படித்த பிறகு என் பக்கத்தில் உட்கார யாரும் வராமல் போகலாம். மேனேஜர் காதுக்குப் போனால் என் மெஷினும் போகலாம். போகட்டும். வியட்நாமில் உனக்குக் கீழே நாற்பது லைன் என்றாய். அத்தனை லைனிலும் பெண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் இருமினால் உனக்குப் பாஷை புரியாது. கையைப் பார், தோளைப் பார், தண்ணீர் குடிக்கிறார்களா என்று பார், பிறகு கட்டத்தில் எழுது. நீ மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு நிமிடமும் யாருக்குப் போகிறது என்று ஒரு தடவையாவது கேள். நம் சமையலறையில் அதைக் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மற்ற எல்லா இடத்திலும் இருக்கிறது.

சனிக்கிழமை நீ அனுப்புகிற காரில் நாங்கள் ஏற மாட்டோம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கார் வெறுமனே வர வேண்டாம், அதில் நீயே உட்கார்ந்து வா. வீட்டுக்கு வராதே, நேராகச் செல்வி வீட்டுக்கு வா. நான் அவள் வாசலில் நின்றுகொண்டிருப்பேன், உள்ளே கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். உனக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்பதை என்னிடம் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல். சொல்லிவிட்டு அந்த நூறை அவள் முன்னால் அடித்துவிட்டு, அன்று நீ பார்த்தது என்னவோ அதை எழுதிக் கையெழுத்துப் போடு. மேனேஜரிடம் அதை நான் கொண்டு போகிறேன்.

தாள் என்னிடம் இருக்கிறது. பேனா நீ கொண்டு வா.

அம்மா